தொடர்வண்டிக்கு வழிவிடும் வீடுகள்

கையகப்படுத்துதல் என்னும் சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். கை, அகம், படுத்துதல். தன் கைக்குள் ஆக்கிக்கொள்ளுதல் என்பது இதன் பொருள். 'மெட்ரோ பணிக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டது' என்று செய்தித்தாளில் படிக்கும்போது, எடுப்பது அரசு என்பதை நாம் உடனே விளங்கிக்கொள்கிறோம். கொடுப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வாக்கியமும் அவரை மறைத்துவிடுகிறது. செயப்பாட்டு வினை என்று இலக்கணப் பாடத்தில் நீங்கள் படித்தது இதைத்தான். அந்த வாக்கியத்தில் இடம் பெறாத மனிதரைப் பற்றியதே இப்பாடம்.

நாம் வாழும் பெங்களூருவையே எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பையப்பனஹள்ளியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வரை முதல் மெட்ரோ தொடர்வண்டி ஓடியது. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டப் பணி 2017இல் நிறைவுற்றது. 2023இல் ஊதாத் தடம் ஒயிட்பீல்டு வரை நீண்டது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து இந்நகரில் உழைப்போரின் பிள்ளைகள் உங்களுள் பலர். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் உங்கள் பெற்றோர் எத்தனை மாலைப்பொழுதுகளை இழந்தனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்க முடிவதே இத்தடம் தந்த பெரும்பயன் என்பேன்.

ஆகவே நான் மெட்ரோவுக்கு எதிரி அல்லேன். இதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது. நிலம் எடுப்பதைப் பற்றிக் குறை கூறுவோரை 'வளர்ச்சிக்கு எதிரானவர்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. அவ்வாறு ஒதுக்கினால் பேச வேண்டிய செய்தி பேசப்படாமலே போய்விடும்.

மேம்பாலத் தடம் சாலையின் நடுவே தூண்களின் மீது செல்கிறது. சாலையோ அரசுக்கு உரியது. பிறகு தனியார் நிலம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தொடர்வண்டி பேருந்தைப் போலச் சட்டெனத் திரும்பாது. நாற்சந்தியில் ஒரு பேருந்து சிறிய இடத்துக்குள் வளைந்துவிடும். மெட்ரோ வளைவதற்கோ நூறு மீட்டருக்கும் மிகுந்த ஆரம் வேண்டும். தடம் ஒரு சாலையிலிருந்து இன்னொரு சாலைக்குத் திரும்பும் இடங்களில் எல்லாம், மூலையில் நிற்கும் கட்டடங்களின் மீது அவ்வளைவு விழுகிறது. நம் நகரங்களில் தெருமூலையில் இருப்பவை எவை? மளிகைக்கடை, தேநீர்க்கடை, மருந்துக்கடை, அவற்றுக்கு மேல்மாடியில் இரண்டு மூன்று குடித்தனங்கள். வரைபடத்தில் பொறியாளர் இழுக்கும் மெல்லிய வளைகோடு இவர்களைத்தான் முதலில் தொடுகிறது. நிலையங்களுக்கும் அவற்றின் நுழைவாயில்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் இடம் வேண்டும். வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் பணிமனைக்குப் பல ஏக்கர் வேண்டும். சுரங்கத் தடமாயின் மேற்பரப்பில் எடுக்கும் நிலம் குறையும். செலவு பன்மடங்கு ஏறும். ஆகவே எங்கே சுரங்கம், எங்கே மேம்பாலம் என்னும் முடிவிலேயே எவர் வீடு தப்பும், எவர் வீடு போகும் என்பதும் அடங்கியிருக்கிறது. அம்முடிவு எடுக்கப்படும் அறையில் அந்த வீட்டார் இருப்பதில்லை.

இனிச் சட்டத்தைச் சிறிது பார்ப்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1894இல் இயற்றப்பட்ட நிலக் கையகப்படுத்தல் சட்டம் நூறாண்டுகளுக்கும் மேலாக நம்மை ஆண்டது. பொதுநோக்கம் என்று அரசு அறிவித்தால் போதும். நிலம் அரசுக்கு உரியதாகிவிடும். சொத்துரிமை முதலில் நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் அதை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கி, 300அ என்னும் உறுப்பில் வைத்தது. சட்டத்தின் துணையின்றி எவருடைய சொத்தையும் பறித்தல் ஆகாது என்பதே அவ்வுறுப்பின் கருத்து. 2013இல் புதிய சட்டம் வந்தது. 2014 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை, மறுவாழ்வு, மீள்குடியமர்வு ஆகிய சொற்கள் அதன் பெயரிலேயே உள்ளன.

இழப்பீடு என்பதும் அழகான சொல். இழப்புக்கு ஈடு. ஆனால் ஈடாகுமா என்பதே வினா. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகர்ப்புறத்தில் ஒரு வீட்டின் சந்தை மதிப்பு 40 இலட்சம் ரூபாய் என்றால், அதற்கு மேல் இன்னொரு 40 இலட்சம் சேர்த்து 80 இலட்சம் தர வேண்டும். இந்தக் கூடுதல் தொகைக்கு 'ஆறுதல் தொகை' என்று பெயர். பழைய சட்டத்தில் இது 15 விழுக்காடாக இருந்து, 1984இல் 30 ஆக உயர்ந்து, இப்போது 100 விழுக்காடு ஆகியுள்ளது. சட்டம் எழுதியவர்களே, விலை மட்டும் கொடுத்தால் இழப்பு தீராது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பெயரை விடச் சான்று வேண்டியதில்லை. விற்க விரும்பாதவனிடமிருந்து வாங்கும்போது, விற்க விரும்பியவனுக்குத் தரும் விலையையே தருவது முறையாகுமா? ஆகாது என்பதால்தான் ஆறுதல்.

இரண்டு மடங்கு என்றவுடன் பலர் வியப்பார்கள். 'இவ்வளவு கிடைத்தும் ஏன் அழுகிறார்கள்?' என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எதன் இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் உள்ள மதிப்பும், அக்கம்பக்கத்தில் அண்மையில் பதிவான கிரயப் பத்திரங்களில் உள்ள விலையுமே சந்தை மதிப்புக்கு அடிப்படை. முத்திரைத்தீர்வையைக் குறைப்பதற்காக உண்மை விலையை மறைத்து, குறைந்த தொகைக்குப் பத்திரம் எழுதும் பழக்கம் நம் நாடெங்கும் உண்டு. ஊரார் எல்லாரும் பொய்விலை எழுதிய தெருவில், ஒருவருடைய வீடு மட்டும் எடுக்கப்படும்போது, அப்பொய்விலையே அவருக்குரிய மெய்விலை ஆகிவிடுகிறது. வரி ஏய்த்தவர் வேறு, வீடு இழப்பவர் வேறாகவும் இருக்கலாம்.

பெங்களூருவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மெட்ரோவுக்கான நிலம் இங்கே பெரும்பாலும் 1966ஆம் ஆண்டின் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டத்தின் வழியே எடுக்கப்படுகிறது. தொழிற்பேட்டைகள் அமைப்பதற்காக இயற்றப்பட்ட சட்டம் அது. நிலம் எடுப்பதால் அங்கு வாழும் மக்களுக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டை 2013ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்துகிறது. பழைய தொழிற்பகுதிச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. மெட்ரோ நிறுவனம் தனக்கென்று ஓர் இழப்பீட்டுத் திட்டம் வைத்திருப்பது உண்மை. எனினும் நிறுவனம் மனமுவந்து தருவதும், குடிமகன் உரிமையாகக் கேட்டுப் பெறுவதும் ஒன்றல்ல. ஒரு நகரம் தன் மக்களின் வீடுகளை எடுக்கும்போது, அவ்வீடுகளைக் கருதியே எழுதப்பட்ட சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஆலைக்கு எழுதிய சட்டத்தை அடுப்படிக்குக் கொண்டுவரலாகாது.

இதுவரை வீட்டுக்கு உரியவரைப் பற்றிப் பேசினோம். நம்மில் பெரும்பாலோர் உரியவர் அல்லர், குடியிருப்போர். ஒத்தி என்னும் சொல்லை உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். இந்நகரில் 'லீசு' என்றும் 'போக்கியம்' என்றும் சொல்கிறார்கள். சில இலட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவது அம்முறை. ஊரில் ஒரு காணி நிலத்தை விற்றோ, நகைகளை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ திரட்டிய பணம் அது. அதற்குப் பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாள் ஒப்பந்தமே சான்று. பதிவு செய்வோர் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு மாணவியின் குடும்பம் அவ்வாறு ஒத்திக்கு இருந்தது. தந்தை தச்சர். வீடு மெட்ரோ பணிக்காக எடுக்கப்பட்டது. இழப்பீடு உரிமையாளருக்கு முறைப்படி வழங்கப்பட்டது. அதில் குறை இல்லை. ஆனால் அவர் பழைய கடன்களை அடைத்துவிட்டு, ஒத்திப் பணத்தைத் தவணை தவணையாகத்தான் திருப்பித் தந்தார். கையில் மொத்தமாகப் பணம் இல்லாததால் அக்குடும்பம் நகரின் எல்லைக்கு அப்பால் வாடகைக்குச் சென்றது. ஆண்டின் நடுவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அம்மாணவி போனாள். புதிய பள்ளியில் தமிழ் விருப்பப் பாடமாக இல்லை. மெட்ரோ திட்டத்தின் செலவுக் கணக்கில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? யாரும் சட்டத்தை மீறவில்லை. எனக்கு அதுவே மிகவும் உறுத்துகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரை முற்றிலும் மறந்துவிடவில்லை. நகர்ப்புறத்தில் மூன்றாண்டுகள் அல்லது அதற்கு மேல் குடியிருந்த குடும்பமும், அங்கே தொழில் செய்து பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே என்று அது சொல்கிறது. ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் வாழ்வூதியம், குடிபெயர்வதற்கு 50,000 ரூபாய், கைவினைஞருக்கும் சிறு வணிகருக்கும் குறைந்தது 25,000 ரூபாய் என்று அதன் இரண்டாம் அட்டவணை வகுத்துள்ளது. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய இத்தொகைகள் இன்று பெங்களூருவில் எத்தனை நாளைக்குப் போதும் என்பதை உங்கள் அன்னையரிடம் கேளுங்கள். கணக்கு ஆசிரியரைவிட அவர்கள் விரைந்து விடை சொல்வார்கள்.

கடைக்காரரின் நிலை இன்னும் கடினம். இருபதாண்டுகளாக ஒரே தெருவில் இஸ்திரி போடுபவருக்கு அந்தத் தெருவே முதலீடு. எந்த வீட்டில் எந்த நாளில் துணி எடுக்க வேண்டும், யாருக்கு மாதக் கடைசியில் கடன் சொல்லலாம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும் பேரேடு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறு இடம் கொடுத்தால் இரும்புப் பெட்டி உடன் வரும், பேரேடு வராது. இந்திராநகரில் சி.எம்.எச். சாலை வழியே மெட்ரோ வரும் என்று முடிவானபோது, அச்சாலை வணிகர்கள் தடத்தை மாற்றக் கோரிப் போராடினார்கள், நீதிமன்றத்தையும் நாடினார்கள். தடம் மாறவில்லை. இன்று அங்கே இந்திராநகர் நிலையம் நிற்கிறது. சாலையில் வணிகமும் நடக்கிறது. 'பார், அஞ்சியது போல் ஒன்றும் நேரவில்லை' என்று அதைக் காட்டுவோர் உண்டு. இன்று அங்கு வணிகம் செய்வோர் அனைவரும் அன்று வணிகம் செய்தவர்கள்தாமா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அவ்வாதம் முழுமை பெறும்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஒவ்வொருவரும் இணங்கும் வரை காத்திருந்தால் எந்தத் தடமும் முடியாது. நூறு பேர் நிலம் கொடுத்த பின், நூற்றோராவது மனிதர் மறுத்தால், முன்னே கொடுத்த நூறு பேரின் இழப்பும் பயனற்றதாகிவிடும். பணி தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் செலவு ஏறுகிறது. அச்செலவு பயணச்சீட்டின் விலையில் ஏழைப் பயணியின் தலையில்தான் இறங்குகிறது. சந்தை மதிப்பைவிடப் பன்மடங்கு கேட்டு வழக்கை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே இறுதியில் நிலத்தை எடுக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தே ஆக வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதிகாரம் இருப்பதனாலேயே முறை தேவையில்லை என்று ஆகிவிடாது. இமாசலப் பிரதேசத்தில் 1967இல் சாலைக்காக நிலம் எடுக்கப்பட்டு, அரை நூற்றாண்டாக ஒரு காசும் பெறாத, எழுத்தறிவற்ற முதிய கைம்பெண் ஒருவருக்கு இழப்பீடு தருமாறு உச்ச நீதிமன்றம் 2020இல் ஆணையிட்டது. இத்தனை ஆண்டுகள் எம் வசம் இருந்ததால் நிலம் எமதே என்று மாநில அரசு அங்கே வாதிட்டது! 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில், நிலம் எடுக்கப்படும் குடிமகனுக்கு அறிவிப்புப் பெறுதல், தன் தரப்பைச் சொல்லுதல், காரணம் கூறும் முடிவைப் பெறுதல் முதலான ஏழு உரிமைகள் உள்ளன என்று அதே நீதிமன்றம் எடுத்துரைத்தது.

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடுகள். இரண்டு வீடுகள் நிலையத்துக்காக எடுக்கப்படுகின்றன. மீதமுள்ள எட்டு வீடுகளின் விலையும் வாடகையும், வாசலில் நிலையம் வந்ததால் ஏறுகின்றன. அந்த எட்டு வீட்டார் அதற்காக ஒரு செங்கல்லும் எடுத்து வைக்கவில்லை. இழந்த இருவரோ தம் பழைய தெருவில் மீண்டும் வீடு வாங்க முடியாத அளவுக்கு அங்கே விலை ஏறிவிட்டது. எனவே நிலம் எடுக்கும் நகரம், ஏறிய மதிப்பில் ஒரு பகுதியை வரியாக வாங்கி, வெளியேறியவர்க்கும் குடியிருந்தவர்க்கும் அருகிலேயே இடம் அமைத்துத் தரச் செலவிட வேண்டும். நிலையத்தை ஒட்டி எழும் வணிக வளாகங்களில் முதல் கடைகள் இடம் இழந்த கடைக்காரர்களுக்கு உரியவை ஆகட்டும். அதற்கு வழி இல்லை என்று எவரேனும் சொன்னால், ஓராண்டில் ஒரு கோபுரம் எழுப்ப வழி தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

எடுக்கப்படாத வீட்டுக்கும் இழப்பு நேரலாம். கொல்கத்தாவின் பவுபஜாரில் 2019 ஆகஸ்டு இறுதியில், சுரங்கம் தோண்டிய இயந்திரம் நீரூற்றுப் படிவத்தைத் தாக்கியது. மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டன. சில இடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த துணியோடு வெளியேறி விடுதிகளில் தங்கினர். நகைத்தொழிலாளர் நிறைந்த பகுதி அது. 2022 மே மாதத்தில் மீண்டும் விரிசல்கள். அவர்களுடைய நிலத்தை எவரும் கேட்கவில்லை, கையகப்படுத்தவும் இல்லை. கீழே மண் நகர்ந்தது, அவ்வளவே. இன்று அத்தடத்தில் ஹூக்ளி ஆற்றின் அடியில் தொடர்வண்டி ஓடுகிறது, நாட்டுக்கே பெருமைதான். பவுபஜாரில் வீடிழந்தவர்களையும் அப்பெருமையோடு சேர்த்து நினைவில் வைக்கலாம்.

இனி உங்களுக்கு நேரடியாக ஒரு வேலை. நிலம் எடுக்கும் அறிவிப்பு இந்நகரில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். உங்கள் பெற்றோருள் பலர் கன்னடம் பேசுவர், படிப்பது கடினம். வீட்டில் அதைப் படித்துச் சொல்பவர் நீங்கள்தாம். ஆகவே அத்தாளில் எதைத் தேட வேண்டும் என்று அறிந்திருப்பது நன்று. நில அளவை எண் எது, எத்தனை சதுரமீட்டர், அறிவிப்பு எந்த நாளில் கையில் கிடைத்தது என்பவற்றைக் குறித்துவையுங்கள். மறுப்புத் தெரிவிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் 60 நாள் தருகிறது. கர்நாடகத் தொழிற்பகுதிச் சட்டம் 30 நாளே தருகிறது. எந்தச் சட்டம் என்பது அத்தாளின் தொடக்கத்திலேயே இருக்கும். தொழிற்பகுதிச் சட்டப்படி உரிமையாளருக்கு மட்டுமன்றி, குடியிருப்பவருக்கும் அறிவிப்புத் தர வேண்டும். 'வீட்டுக்காரருக்கு வந்த கடிதம், நமக்கென்ன' என்று அதை வாங்கி அப்படியே அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். மின்கட்டண இரசீதுகள், எரிவாயு இணைப்புத் தாள், குடும்ப அட்டை, ஒத்தி ஒப்பந்தம், உங்கள் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் உள்ள முகவரி ஆகியவை மூன்றாண்டுகள் அங்கே வாழ்ந்ததற்குச் சான்றுகள். அவற்றை ஒரே உறையில் இட்டு வைக்கலாம். சொந்த வீடாயின், அது 'பி கத்தா'வில் இருக்கிறதா என்று தந்தையாரிடம் கேளுங்கள். இருந்தால், தாள்களைச் சரிசெய்யும் வேலையை அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் முப்பது நாள் போதாது.